கந்தளாய் மான் ஏன் கோட்டை மான் மாதிரி நிற்பதில்லை?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருகோணமலைப் பிரட்றிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான் கிட்ட வந்து கமராவையே மோந்து பார்க்கிறதாம். கந்தளாய்ப் பக்கம் போனால் அதே சாதி மான் நூறு மீற்றருக்கு அப்பாலேயே வாலைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் பாய்ந்துவிடுகிறதாம். கையில் இருப்பது 300 மில்லிமீற்றர் லென்ஸ். உருமறைப்பு உடுப்பு வாங்கினால் சரிவருமா, மானின் குரலைப் போனில் போட்டால் கிட்ட வருமா, அந்தக் காலத்து வேட்டைக்காரர் எப்படித்தான் கிட்டப் போனார்கள் என்பது அவருடைய கேள்வி.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மானையோ மரை என்கிற பெரிய மானையோ கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதித்த இடங்களைத் தவிர வாகனத்தை விட்டு இறங்க முடியாது. ஆகவே கீழே எழுதுவது கமராவோடு போகிறவருக்கு மட்டும். ஊர்க் குளக்கட்டு, வயல் ஓரம், பொதுவழி போன்ற இடங்களில் நடக்கலாம். ஒதுக்குக் காட்டுக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் வன இலாகாவிடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ கேட்டுவிட்டுப் போங்கள். எனக்கு இந்தப் பழக்கம் வந்தது மூதூர்ப் பக்கத்துப் பெரியப்பா ஒருவரால். அவர் காலத்தில் அவர் கையில் துவக்கு இருந்தது. என் கையில் தூரக்கண்ணாடி. அவர் சொல்லித் தந்ததில் முக்கால்வாசி இரண்டுக்கும் பொதுவானது.

கோட்டை மான் தலைமுறை தலைமுறையாக மனிதரைப் பார்த்து வளர்ந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம், இராணுவத்தினர், முச்சக்கரவண்டி, பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் அதற்குப் பழகிப் போயின. காட்டு மானுக்கு மனிதன் என்றால் துவக்கு, சுருக்கு, நாய். களவு வேட்டை நடக்கிற பக்கத்தில் மான் இன்னும் தூரத்தில் ஓடும், பகலில் வெளியே வருவதையும் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மானுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. தூரத்து எல்லையில் நீங்கள் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும். கிட்டத்து எல்லைக்குள் வந்தால் ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அதை எவ்வளவு நேரம் நிம்மதியாக மேயவிடுகிறீர்கள் என்பதுதான் முழு வித்தையும். ஓடுகிற எல்லையை நடந்து வெல்ல முடியாது. மான் தானாகச் சுருக்கிக்கொண்டால்தான் உண்டு.

எவ்வளவு கிட்டப் போக வேண்டும் என்பதையும் கணக்குப் பாருங்கள். 300 மில்லிமீற்றர் லென்ஸை முழுச் சட்டக் (full frame) கமராவில் போட்டால் 30 மீற்றரில் படத்தின் அகலம் ஏறத்தாழ 3.6 மீற்றர் வரும். சிறிய சென்சர் (APS-C) கமரா என்றால் 45 மீற்றரிலேயே அந்த அளவு கிடைக்கும். நன்றாக வளர்ந்த கலைமான், அதாவது ஆண் புள்ளிமான், தலையும் உடலுமாக ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட. ஆக 40 மீற்றரில் நின்றாலே மானும் அது நிற்கிற இடமும் சேர்ந்த நல்ல படம் கிடைத்துவிடும். பத்து மீற்றருக்குப் போகும் ஆசையை விட்டுவிடுங்கள். அது அம்பும் வில்லும் வைத்திருந்தவனுக்குத் தேவைப்பட்ட தூரம்.

இனிக் காற்று. மற்ற எல்லாவற்றையும் கோட்டைவிட்டாலும் காற்றைச் சரியாகப் பிடித்தவருக்கு மான் கிடைக்கும். காற்றைப் பிழைக்கவிட்டவருக்கு வேறு எந்தத் திறமையும் உதவாது. மான் உங்களைக் கண்டால் கொஞ்ச நேரம் யோசிக்கும். சத்தம் கேட்டால் காதைத் திருப்பிக் காத்திருக்கும். மணம் பட்டால் யோசிக்கவே யோசிக்காது. கண்ணும் காதும் அதை ஏமாற்றலாம், மூக்கு ஏமாற்றுவதில்லை. அதனால் மானிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வரவேண்டும், குறைந்தது குறுக்கே போகவேண்டும்.

காற்றைப் பார்க்க விரலை ஈரமாக்கிப் பிடிப்பது போதாது. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் போட்டுக்கொள்ளுங்கள், மூடியில் ஒரு துளை. மெல்ல அமுக்கினால் புகை போல வெளியே வரும். அது எங்கே போகிறது என்பதை ஐந்து பத்து மீற்றர் வரை கண்ணால் தொடரலாம். எருக்கம் பஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது, வெகுதூரம் மிதந்து போய் நடுவழியில் காற்று எங்கே திரும்புகிறது என்று காட்டித் தந்துவிடும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு காற்று, மான் நிற்கிற இடத்தில் இன்னொரு காற்று என்பது சாதாரணம். குளக்கட்டுக்குப் பின்னாலும் அடர்ந்த காட்டின் விளிம்பிலும் காற்று சுழலும். அந்தச் சுழிக்குள் நின்றால் உங்கள் மணம் நாலு பக்கமும் போகும்.

திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எங்கள் காற்றுக்குக் கலண்டர் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான், தென்மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை வாடை, வடகிழக்கிலிருந்து. இடைப்பட்ட மாதங்களில் பெரிய காற்று ஓய்ந்து, விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கும் வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து தரைக்கும் மாறி மாறி வீசும். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் கமராவோடு போகிறவர்கள் பலர் இதைச் சூரியனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

கச்சான் மாதங்களில் காற்றை முகத்தில் வாங்க வேண்டுமென்றால் தென்மேற்கைப் பார்த்து நகர வேண்டும். காலையில் அப்படிப் போனால் சூரியன் உங்கள் முதுகில். மானின் மேல் நேர் வெளிச்சம், மான் உங்களைப் பார்க்க நினைத்தால் அதன் கண்ணில் வெயில். இதைவிடச் சுகம் கிடையாது. அதே இடத்துக்கு மாலையில் போனால் எல்லாம் தலைகீழ். சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கும், கன்னமும் நெற்றியும் லென்ஸ் கண்ணாடியும் பளபளக்கும், மான் நிழலுருவாகத்தான் தெரியும். வாடை மாதங்களில் இது மாறிவிடும். வடகிழக்கைப் பார்த்துப் போக வேண்டியிருப்பதால் மாலைதான் நல்ல நேரம். ஆகவே ஆவணியில் அதிகாலை, தையில் பின்னேரம். "காலையில் போனால் மான் பார்க்கலாம்" என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். மான் இரண்டு வேளையும்தான் மேய வெளியே வருகிறது, கிட்டப் போக வசதியான வேளை மாதத்துக்கு மாதம் வேறு.

கரையோரத்தில், அதாவது குச்சவெளி, திரியாய்ப் பக்கம், கச்சான் காலத்திலும் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வந்து திசையைக் குழப்பும். கந்தளாய், மொறவெவ போன்ற உட்பகுதிகளில் அந்தக் குழப்பம் குறைவு. சூரியன் இறங்கிக் காற்று விழுந்த பிறகு இன்னொன்று நடக்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி மெல்ல வழியும். குளக்கட்டின் மேல் உட்கார்ந்திருப்பவரின் மணம் நேராகக் குளத்துக்குள் இறங்கும். பழைய ஆட்கள் மரத்தில் பரண் கட்டியதற்கு யானைப் பயம் மட்டும் காரணமில்லை, மணம் மானின் தலைக்கு மேலால் போகட்டும் என்பதும்தான்.

உங்கள் மணத்தை முழுக்கப் போக்க முடியாது, குறைக்கலாம். வாசனைச் சவர்க்காரம், பவுடர், தலைக்கு எண்ணெய், நுளம்புத்திரிப் புகை, முதல் நாள் இரவு தலையிடிக்குப் பூசிய சித்தாலேப எல்லாம் காட்டில் மைல் கணக்கில் ஊர்வலம் போகும். பழைய பருத்திச் சேட்டை வெறும் தண்ணீரில் அலசி வெளியில் காயவிட்டுப் போடுங்கள். அவ்வளவு போதும். மணத்தை மறைக்கும் தெளிப்பான் என்று விற்பதற்கெல்லாம் காசைக் கொட்ட வேண்டாம்.

அடுத்தது கண். மானின் கண்ணில் நிறம் பிரித்தறியும் கூம்புக் கலங்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. வட அமெரிக்க வெண்வால் மானில் 1990களில் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகியது. சிவப்பும் செம்மஞ்சளும் அதற்கு ஒரு மங்கல் பச்சை போலத்தான் இருக்கும். நீலத்தை நன்றாகக் காணும். ஆகவே சிவப்புச் சேட்டைவிட நீல டெனிம்தான் மோசம். வெள்ளை அதைவிட மோசம். ஆனால் நிறத்தைவிடப் பெரிய விஷயம் அசைவு. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், மேய்ந்துகொண்டிருக்கும்போதே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. நுணுக்கமாகப் பார்க்கும் திறன் குறைவு, அசைகிறதைப் பிடிக்கும் திறன் அதிகம். அசையாமல் மரத்தோடு ஒட்டி நிற்கிற மனிதனைப் பதினைந்து மீற்றரிலும் அடையாளம் காணாது. கையைத் தூக்கி நுளம்பை அடித்தால் இருநூறு மீற்றரிலும் காணும்.

மறைவிடத்தைப் பயன்படுத்துவதில் ஒரு விஷயம். பற்றைக்குப் பின்னால் நின்று மேலால் எட்டிப் பார்க்காதீர்கள். தலை மட்டும் உயர்ந்து இறங்குவதைவிட மானை மிரட்டும் காட்சி வேறில்லை. பற்றைக்கு முன்னால், அதன் நிழலுக்குள் குந்தியிருங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் உங்கள் உருவம் அதில் கரைந்துவிடும். எட்டிப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் பக்கவாட்டில், தரையோடு. குளக்கட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக்கி நடந்துவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்.

நடை பற்றி. எங்கள் காட்டில் ஆடி ஆவணியில் பாலை, வீரை, முதிரைச் சருகு தரையில் அப்பளம் போல நொறுங்கும். அந்த மாதங்களில் காட்டுக்குள் நடந்து கிட்டப் போவது என்ற பேச்சே இல்லை. திறந்த குளவெளி, மணல் வழி, மாடு நடந்த ஒற்றையடிப் பாதை, இவற்றில்தான் நகர வேண்டும். மாரியில் சருகு ஊறிக் கிடக்கும், அப்போது உள்ளே போகலாம். குதியை ஊன்றாமல் பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, கீழே குச்சி இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் பாரத்தை மாற்றுங்கள். இதைவிட முக்கியம் தாளம். காடு எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மந்தி தாவும், மயில் சருகைக் கிளறும், உடும்பு ஓடும். மானுக்குச் சந்தேகம் வருவது சரக் சரக் என்று ஒரே இடைவெளியில் வருகிற இரண்டு கால் சத்தத்தில்தான். ஆகவே இரண்டு அடி, நிற்றல், ஓர் அடி, நீண்ட நிற்றல், மூன்று அடி என்று ஒழுங்கில்லாமல் நடங்கள். காற்று மரத்தை உலுப்பும்போது நகருங்கள். கந்தளாய்ப் பக்கம் ரெயில் போகிற நேரம் நல்ல நேரம். தண்டவாளத்துக்குக் கிட்ட மேய்கிற மான் அந்தச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்காது. சட்டைப் பையில் சாவி, சில்லறை, கமராப் பையில் சரசரக்கும் ஒட்டுப்பட்டி எல்லாவற்றையும் வாகனத்தில் விடுங்கள். கமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஓர் ஆவணிக் காலையை எடுத்துக்கொள்வோம். குளம் வற்றி, தண்ணீர் விலகின இடமெல்லாம் இளம்புல். நீங்கள் வடகிழக்கு ஓரத்தில், ஒரு மருத மரத்தடியில். கூட்டம் 200 மீற்றரில் பரவி மேய்கிறது. உடனே எழும்பாதீர்கள். தூரக்கண்ணாடியால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள், பற்றைக்குப் பின்னால் படுத்திருப்பதையும் சேர்த்து. உங்களைக் காட்டிக்கொடுக்கப் போவது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய கொம்பன் அல்ல, நீங்கள் காணாமல் விட்ட ஒன்று. கொம்பன் பெரும்பாலும் அசட்டையாகத்தான் இருப்பான், கொம்பை உரசிக்கொண்டு, பின்னங்காலில் எழுந்து கிளையை இழுத்துக்கொண்டு. கூட்டத்தின் ஓரத்தில் வயதான பிணைமான் (பெண்மான்) ஒன்று நிற்கும். காது இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பும். அதுதான் உங்களுடைய ஆள்.

அதன் தலை கீழே போய் புல்லைப் பிடுங்குகிற அசைவு தோளில் தெரியும்போது நகருங்கள். நேராக அல்ல, சாய்வாக, மானைக் கடந்து வேறெங்கோ போகிறவர் போல. நேராக வருவதும் கண்ணை எடுக்காமல் பார்ப்பதும் சிறுத்தையின் பழக்கம், அது மானுக்குத் தெரியும். அது தலையைத் தூக்கினால் அப்படியே நில்லுங்கள், இரண்டு காலும் தரையில் இருக்கிற மாதிரி முதலே பார்த்துக்கொண்டு. இப்போது அது ஒரு தந்திரம் செய்யும். தலையைத் தாழ்த்தி மேய்வது போலப் பாசாங்கு காட்டிவிட்டு வெடுக்கென்று நிமிரும். நீங்கள் அசைந்திருந்தால் பிடித்துவிடும். வாயில் புல் அசைகிறதா என்று பாருங்கள். அசைபோடாமல் வெறும் தலை மட்டும் கீழே போனால் அது மேய்ச்சல் அல்ல. அமெரிக்க வேட்டைக்காரர்கள் தலையைத் தூக்கும் முன் வால் ஒருமுறை ஆடும் என்பார்கள். அது வெண்வால் மானுக்குச் சரியாக இருக்கலாம், எங்கள் புள்ளிமான் ஈக்கே நாள் முழுக்க வாலை ஆட்டுகிறது, நான் அதை நம்பி ஓர் அடியும் வைக்கமாட்டேன்.

சந்தேகம் முற்றினால் முன்னங்கால் ஒன்றை உயர்த்திப் பிடிக்கும். முழங்கால் மடிந்து, குளம்பு தரைக்குச் சற்று மேலே தொங்கும். பிறகு டப் என்று தரையில் குத்தும். பக்கத்து மான்கள் தலையைத் தூக்கும். வால் நிமிர்ந்து அடிப்பக்க வெள்ளை தெரியும். கடைசியில் கீச்சென்று ஒரு குரல். குளம்பு குத்துகிற கட்டத்தில் நீங்கள் மெல்லக் குந்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, பத்து நிமிடம் சும்மா இருந்தால் அனேகமாகச் சமாதானமாகும். குரல் எழுப்பிவிட்டால் அந்தக் காலை முடிந்தது. ஓடின கூட்டத்தைத் துரத்திப் போவது வீண், அவை ஓடின தூரத்தில் நின்று வந்த வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மானைத் தவிர மற்றச் சாட்சிகளும் உண்டு. ஆட்காட்டிக் குருவி வெளியில் முட்டையிட்டிருந்தால் நீங்கள் நூறு மீற்றர் வரும் முன்னரே ஊரைக் கூட்டும். அதைச் சுற்றிப் போங்கள். மரத்தில் மந்தி உங்களைக் கண்டு குரைத்தாலும் கீழே மான் கேட்டுக்கொள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று காவல்.

அந்த நட்பை உங்கள் பக்கம் திருப்பலாம், என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. ஆனி ஆடியில் பாலை பழுக்கும். மந்தி மேலே இருந்து பாதியைத் தின்று பாதியைக் கீழே தள்ளும், இலையும் பழமுமாக. அந்த மரத்தடிக்கு மான் வந்தே தீரும். குளம்புத் தடத்தின் ஓரம் உடையாமல் கூராக இருக்கிறதா, புழுக்கை இன்னும் மினுமினுக்கிறதா என்று பார்த்தால் காலையில் வந்ததா நேற்று வந்ததா என்று தெரியும். காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக 40 மீற்றரில் ஒரு தடித்த அடிமரத்தில் முதுகைச் சாய்த்து விடியும் முன் உட்கார்ந்துவிடுங்கள். நடக்கிறவரைவிட இருக்கிறவருக்குத்தான் மான் கிட்ட வரும். கஷ்டம் என்னவென்றால் பாலைப்பழம் கரடிக்கும் உயிர். அந்த மாதங்களில் தனியாக இருக்க வேண்டாம், மரத்தில் கரடி ஏறிய புது நகக்கீறல் கண்டால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

அந்தக் காலத்து வேட்டைக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள், இன்றைக்கு மீன்பிடியும் சேனைப் பயிருமாக இருக்கிறார்கள். வில் வைத்திருந்த காலத்தில் வேடருக்கு நான் மேலே சொன்னதெல்லாம் வயிற்றுப் பிழைப்பு. 1845இலிருந்து 1850 வரை இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் வடபகுதியில் இருந்த ஒரு முறையை எழுதி வைத்திருக்கிறார். பழக்கின எருமையின் கழுத்தில் மணி, முதுகில் விளக்கு. இரவில் அதைக் காட்டுக்குள் மெல்ல ஓட்டுவார்கள். விளக்கின் நிழல் விழுகிற இருட்டில் வேட்டைக்காரர் ஒட்டி நடப்பார். வெளிச்சத்தில் மயங்கிக் கிட்ட வருகிற மிருகத்தைச் சுடுவார். இரவில் வெளிச்சம் அடிப்பது இன்றைக்குக் களவு வேட்டைக்காரன் வேலை, அதைச் செய்ய வேண்டாம். ஆனால் எருமை விஷயம் இன்றைக்கும் செல்லும். மாட்டுப்பட்டி மேய்கிற குளவெளியில் மான் மாட்டோடு கலந்து நிற்கும், பட்டிக்காரரையும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பட்டிக்காரரிடம் பேசி, அவருக்குப் பக்கத்தில், அவருடைய வேகத்தில், மாட்டுக்கு நடுவில் நடந்து பாருங்கள். உருமறைப்பு உடுப்பு செய்யாததை இது செய்யும்.

மற்ற மிருகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரை இரவுக்காரன். விடியும்போது தண்ணீரிலிருந்து காட்டுக்குத் திரும்புகிற அரை மணி நேரம்தான் உங்களுக்கு. மூக்கு புள்ளிமானைவிடக் கெட்டி. பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். காற்றுச் சரியென்றால் ஆச்சரியப்படும் அளவுக்குக் கிட்டப் போகலாம், குட்டியோடு நின்றால் போகக் கூடாது. உக்குளான் என்கிற சருகுமானைத் தேடிப் போய்க் காண முடியாது. அது ஓடுவதற்கு முன் அசையாமல் உறைந்துதான் பார்க்கும், நீங்களும் அப்படியே இருந்தால் காலடியில் வரும். 1660இல் மூதூர்ப் பக்கம், கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஆங்கிலேய மாலுமி ரொபேட் நொக்ஸ்கூட முயல் அளவில் மான் உண்டு என்று வியந்து எழுதியிருக்கிறார்.

இனி ஆபத்து. காற்றுக்கு எதிராகச் சத்தமில்லாமல் நடக்கிறவரைத்தான் கரடியும் யானையும் எதிர்பாராமல் சந்திக்கும். மானுக்குப் பழகின அதே வித்தை இவற்றிடம் உங்களுக்கு எதிரி. அடர்ந்த பற்றைக்குள் நுழைய வேண்டிய இடத்தில் மானை மறந்துவிட்டுச் சாதாரணமாகப் பேசிக்கொண்டே போங்கள். யானைப் பிண்டம் சூடாக இருந்தால் திரும்புங்கள், படம் இன்னொரு நாளைக்கு. சேனை ஓரங்களில் பன்றிக்கு என்று, கம்பி தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு வைத்திருப்பார்கள், குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ முழங்கால் உயரத்தில் ஓடும். மிருகப் பாதையில்தான் அதைக் கட்டுவார்கள், நீங்களும் அந்தப் பாதையில்தான் நடக்கிறீர்கள். உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் சேனைக்காட்டுக்குள் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வயிற்றால் ஊர்ந்து போகிற ஆசை வந்தால் புல்லுக்குள் கண்ணாடிப் புடையன் என்கிற விஷப்பாம்பு படுத்திருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், முழங்காலில் போவது போதும். உண்ணி இருக்கவே இருக்கிறது. காற்சட்டை நுனியை மேசுக்குள் செருகி, வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கொதிநீரில் போடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நடக்கவே வேண்டாம் என்றால் கவுடுல்ல இருக்கிறது, 2002இல் தேசியப் பூங்காவானது, கந்தளாயிலிருந்து தூரமில்லை. அங்கே ஜீப்தான் உங்கள் மறைவிடம். மான் ஜீப்பை ஒரு பொருளாகப் பார்க்கிறது, அதிலிருந்து எழும்பி நிற்கிற ஆளைத்தான் மனிதனாகப் பார்க்கிறது. சாரதியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கூட்டத்தைக் கண்டதும் நேரே விடாமல் பக்கவாட்டில் போய், தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தவேண்டும். காத்திருந்தால் மான் மேய்ந்து மேய்ந்து தானாக வரும். ஆறேழு ஜீப் ஒரே யானைக்குப் பின்னால் போகும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் போங்கள்.

கோட்டை மானை விட்டுவிட வேண்டாம். காது, கால், வால் பாஷையை அங்கே தினமும் இலவசமாகப் படிக்கலாம். ஒன்று உங்களைப் பார்த்துக் குளம்பைக் குத்தும் வரை போய், எந்தத் தூரத்தில் அது நடந்தது என்று பார்த்துவைத்தால் காட்டில் உதவும். கொம்பு முற்றின கலைமானுக்கு, அதிலும் பிணைக்காகக் கத்திக்கொண்டு திரிகிற நேரத்தில், கோட்டைக்குள்ளும் கிட்டப் போகாதீர்கள், பழகின மான்தான் முட்டும். சாப்பாடு கொடுத்துக் கூப்பிடவும் வேண்டாம், பின்னால் பொலித்தீனைத் தின்று சாவது அதே மான்.

உருமறைப்பு உடுப்பு வேண்டாம். மானுக்காகச் சொல்லவில்லை. படையினர் உடை போன்ற துணியைப் பொதுமக்கள் போட்டால் இந்த நாட்டில் சிக்கல், அதுவும் திருகோணமலையில். மங்கிய பச்சையோ காவியோ பழைய சாரமோ போதும். போனில் குரல் போடுவதைப் பற்றி: பிணைக்கான கத்தலைப் போட்டால் கலைமான் எப்போதாவது வரும், சண்டைக்கு வரும். அபாயக் குரலைப் போட்டால் கூட்டம் ஓடும், அந்த இடத்துக்கு மறுநாள் வரவும் யோசிக்கும். பூங்காவுக்குள் அப்படிச் செய்தால் வழிகாட்டி உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடும். போனைச் சத்தத்தை அடைத்து வைத்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டுமானால் மட்டும் வானிலைப் பக்கத்தைத் திறவுங்கள். அதையும் சாம்பல் போத்தலால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.